மங்கிய விளக்கும் மங்காத கண்ணும்



இரவு நேரம். வீட்டில் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். கணவர் வெளியே போய்விட்டார். கதவு தாழிட்டிருக்கிறது. சுவரில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு யாரும் தொடாமலே மெல்ல மங்குகிறது. சற்று நேரத்தில், தலைக்கு மேலே, ஆளே போகாத பரணில் யாரோ நடக்கும் ஓசை கேட்கிறது. கணவர் திரும்பியதும் ஓடிப்போய்ச் சொல்கிறீர்கள். அவர் உங்களை இரக்கத்தோடு பார்க்கிறார். "விளக்கா? மங்கியதா? உனக்கு உடம்பு சரியில்லை. கொஞ்ச நாளாகவே நீ ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறாய்" என்கிறார்.

ஒரு நாள் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். தினமும் இப்படியே நடந்தால்? உங்கள் கண்ணை நம்புவீர்களா, கட்டிய கணவரின் வாயை நம்புவீர்களா?

இந்தக் கேள்வியை வைத்தே ஒரு படம் எடுத்தார்கள். 1944ஆம் ஆண்டு ஹாலிவுட்டில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் தயாரித்த 'கேஸ்லைட்'தான் அது. இந்தப் பக்கத்தில் இம்முறை அந்தப் படத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். கதையின் முடிவையும் சொல்லிவிடப் போகிறேன். படத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறோம் என்பவர்கள் பயப்பட வேண்டாம். கொலைகாரன் யார் என்பது பாதிப் படத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு எப்போது தெரியப் போகிறது என்பதுதான் நம்மை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்துவிடும்.

அந்த நாற்பதுகளில் விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் என்றால் ஹாலிவுட்டுக்குக் கொள்ளை ஆசை. 1837 முதல் 1901 வரை அந்த அம்மையார் அரியணையில் இருந்தார். மூடுபனி, குதிரை வண்டி, கல் பாவிய தெரு, தொப்பி அணிந்த கனவான், அந்தத் தொப்பிக்குள்ளே ஒரு கொலைகாரன். 1941இல் 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்', 1944இல் 'தி லாட்ஜர்', 1945இல், அந்தக் காலத்தைச் சற்றே தாண்டிய 'ஹாங்ஓவர் ஸ்குவேர்' என்று அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. அவற்றில் கத்தி உண்டு, கயிறு உண்டு, நெருப்பு உண்டு. 'கேஸ்லைட்' கதையில் கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வில்லனின் கையில் இருக்கும் ஆயுதம் அவனுடைய நாக்கு ஒன்றுதான்.

கதையைக் கேளுங்கள்.

லண்டன் தோர்ன்டன் சதுக்கத்தில் ஒரு வீடு. அதில் ஆலிஸ் அல்குவிஸ்ட் என்ற புகழ்பெற்ற பாடகி கழுத்தை நெரித்துக் கொல்லப்படுகிறாள். கொலையாளி அகப்படவில்லை. அவள் வளர்த்த பெண் போலா, பாட்டுப் படிக்க இத்தாலிக்கு அனுப்பப்படுகிறாள். பத்து ஆண்டுகள் கழித்து, அங்கே பியானோ வாசிக்கும் கிரகரி என்பவனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். பழகியது இரண்டே வாரம். திருமணம் நடக்கிறது. "லண்டனில் ஒரு சதுக்கத்தில் வீடெடுத்து வாழ வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு" என்று அவன் சொல்ல, பாசத்தில் கட்டுண்ட பெண், தான் மிரண்டு ஓடிவந்த அதே வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகிறாள். வீடு அவளுடையது. பெரியவள் அவளுக்கு விட்டுச் சென்ற சொத்து.

போன கொஞ்ச காலத்திலேயே எல்லாம் தொடங்கிவிடுகிறது. கிரகரி அவளுக்கு ஓர் அணியூசியைப் பரிசாகத் தருகிறான். "நீ எதையும் தொலைப்பவள், பத்திரம்" என்று சொல்லியே கைப்பையில் போடுகிறான். அன்றே அது காணாமல் போகிறது. சுவரில் மாட்டியிருந்த படம் மறைகிறது. வேலைக்காரப் பெண்கள் இருவரையும் கூப்பிட்டு, எசமானி எதிரிலேயே வேதப் புத்தகத்தின்மேல் சத்தியம் வாங்குகிறான். அவர்கள் எடுக்கவில்லை என்றால் எடுத்தது யார்? விடை அவள் தலையில் விழுகிறது. ஒரு பெரிய மனிதர் வீட்டு இசை விருந்தில் தன் கடிகாரத்தைக் காணோம் என்று தேடுவதுபோல் தேடி, அதை அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறான். அத்தனை பேர் நடுவில் அந்தப் பெண் கதறி அழுகிறாள். "பார்த்தாயா, உன்னை வெளியே கூட்டிக்கொண்டு போக முடிகிறதா?" என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

கவனித்தீர்களா? அவன் அவளை ஒரு முறைகூட அடிக்கவில்லை. கதவைப் பூட்டி வைக்கவில்லை. அவளாகவே வீட்டைவிட்டு வெளியே போகப் பயப்படும்படி செய்துவிட்டான். பூட்டு அவள் மனத்துக்குள் விழுந்துவிட்டது.

இப்போது விளக்குக்கு வருவோம். கேஸ் லாம்பு என்றவுடன் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நினைவு வருவது கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் காற்றடித்து ஏற்றிய விளக்குதான். படத்தில் வருவது அது அல்ல. நிலக்கரியைக் காற்றுப் புகாத கொள்கலனில் சுட்டு, அதிலிருந்து வரும் வாயுவைக் குழாய் வழியாகத் தெருத் தெருவாக அனுப்பினார்கள். லண்டனில் இதற்கென்று ஒரு நிறுவனம் 1812ஆம் ஆண்டிலேயே அரசு அனுமதி பெற்றுவிட்டது. வீட்டுச் சுவரில் குழாய் முனை இருக்கும். திருகித் தீக்குச்சி வைத்தால் சுடர் எரியும். நம் கேஸ் லாம்பில் கட்டினோமே மேண்டல், அதுகூட இந்த வாயு விளக்குக்காகத்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆஸ்திரியாக்காரரான வெல்ஸ்பாக் 1885இல் அதற்கு உரிமம் பெற்றார். அதற்கு முன்பெல்லாம் வெறும் சுடர்தான்.

லயத்தில் ஒரே குழாயில் தண்ணீர் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் வாளி வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் குழாயைத் திறந்தால் உங்கள் குழாயில் தண்ணீர் சிறுத்துப்போகும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமலே, அங்கே யாரோ திறந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் அல்லவா? வாயு விளக்கும் அப்படித்தான். வீட்டில் வேறோர் அறையில் விளக்கைக் கூட்டினால் இந்த அறையில் சுடர் இறங்கும்.

ஆக, போலாவின் விளக்கு மங்கியது பேயும் அல்ல, பிரமையும் அல்ல. அது சாட்சி. யாரோ இதே வீட்டில் இன்னொரு விளக்கை ஏற்றியிருக்கிறார்கள் என்று அந்தச் சுடர் ஒவ்வோர் இரவும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஏற்றியது வேறு யாரும் அல்ல, அவள் கணவன்தான். வெளியே போவதுபோல் போய், பக்கத்திலிருந்த காலி வீட்டுக்குள் புகுந்து, கூரைவழியாக ஏறி, அடைத்துப் போட்ட பரணுக்குள் இறங்கி, பாடகியின் பழைய சாமான்களைக் குடைந்துகொண்டிருந்தான். பத்து ஆண்டுகளுக்கு முன் அவளைக் கொன்றவனும் அவன்தான். தேடியது அவளுடைய விலைமதிப்பற்ற நகைக் கற்களை.

போலா தவறாக எதையும் பார்க்கவில்லை. அவள் கண்டது அத்தனையும் உண்மை. அவளுக்கு இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று சொல்ல ஓர் ஆள்.

அந்த வீட்டில் ஆட்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். சமையல்காரி எலிசபெத் இருக்கிறாள். நல்லவள், ஆனால் காது மந்தம். பரணில் நடக்கும் ஓசை அவளுக்கு எட்டாது. நான்சி என்று ஓர் இளம் வேலைக்காரி இருக்கிறாள். எசமானின் பல்லிளிப்பில் மயங்கி எசமானியை ஏளனமாகப் பார்ப்பவள். சதுக்கத்தின் எதிர்ப்புறம் துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளும் ஒரு பாட்டியம்மா இருக்கிறார். அவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய ஆசை. ஆனால் அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறான் கிரகரி. இந்த மாதிரி ஆண்கள் முதலில் செய்யும் வேலை இதுதான். மனைவியிடம் வந்து பேசுகிறவர்களை ஒவ்வொருவராக வெட்டிவிடுவார்கள்.

அவளைக் காப்பாற்ற வருபவர் பிரையன் கேமரன் என்ற போலீஸ் அதிகாரி. சிறுவயதில் அந்தப் பாடகியைக் கண்டு மகிழ்ந்தவர். ஓர் இரவு கிரகரி போன பிறகு வீட்டுக்குள் வருகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே சுடர் இறங்குகிறது. அவரும் அதைப் பார்க்கிறார். தான் பார்த்ததைச் சொல்லவும் செய்கிறார். அப்போது இங்கிரிட் பெர்க்மன் முகத்தைப் பார்க்க வேண்டும்! திருடன் பிடிபட்ட மகிழ்ச்சி அல்ல அது. "எனக்குப் பைத்தியம் இல்லை" என்று ஒரு பெண் முதன்முதலாக அறிந்துகொள்ளும் முகம். அந்த வேடத்துக்காகத்தான் அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

இதற்குப் பிறகு ஒரு காட்சி வருகிறது. எனக்கு அதுதான் படத்திலேயே கொடிய காட்சி. கிரகரி திரும்பி வருகிறான். மேசை உடைக்கப்பட்டிருக்கிறது. "ஓர் ஆள் வந்தார்" என்கிறாள் போலா. அவன் எலிசபெத்தைக் கூப்பிட்டுக் கேட்கிறான். அவள் எசமானியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "நான் யாரையும் பார்க்கவில்லை" என்று சொல்லிவிடுகிறாள். போலா நொறுங்கிப்போகிறாள். அப்படியானால் அந்த ஆளும் நான் கண்ட கனவுதானா? நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு பொய், கணவன் சொன்ன நூறு பொய்களைவிட ஆழமாகப் பாய்கிறது. "வம்பு வேண்டாம்" என்று வாயை மூடிக்கொள்ளும் நல்லவர்கள் எல்லாரும் பார்க்க வேண்டிய காட்சி இது.

முடிவில் அவன் பிடிபடுகிறான். தேடிய கற்கள் பரணில் அவன் கண்ணெதிரேயே, ஒரு மேடை உடையில், போலிக் கற்களுக்கு நடுவே தைக்கப்பட்டிருந்தன. நாற்காலியில் அவனைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். போலா அவனோடு தனியாகச் சில நிமிடம் பேச வேண்டும் என்கிறாள். "அந்தக் கத்தியை எடு, கயிற்றை அறு" என்று கெஞ்சுகிறான் அவன். அவள் கத்தியைக் கையில் எடுக்கிறாள். நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. நான்தான் பைத்தியக்காரி ஆயிற்றே, எதையும் தொலைப்பவள் ஆயிற்றே, உனக்கு எப்படி உதவ முடியும் என்ற பொருளில் பேசிவிட்டு, அவனைக் கொண்டுபோகச் சொல்கிறாள். அவன் கற்றுக்கொடுத்த பாடத்தை அவனுக்கே ஒப்பித்துவிடுகிறாள்.

அவளை விலக்கிவிட அவன் போட்ட திட்டம் அந்தக் காலத்துக்கு நடக்காத காரியம் அல்ல. அன்றைய இங்கிலாந்தில் பணம் கட்டிச் சேர்க்கும் மனநோய் விடுதிக்கு ஒருவரை அனுப்ப, உறவினர் ஒருவரின் கையொப்பமும் மருத்துவர் இருவரின் சான்றும் இருந்தால் போதும். உறவினர் என்றால் கணவனே உறவினர். இந்தப் படத்துக்கு மூலமான நாடகம் 1880இல் நடப்பதாக எழுதப்பட்டது. மணமான பெண் தன் சொத்தைத் தானே ஆளலாம் என்று இங்கிலாந்துச் சட்டம் முழுமையாக ஒப்புக்கொண்டது 1882இல்தான். ஆகவே அந்த விளக்கு மங்கிய அறையில் ஆடியது ஒரு வில்லனின் நிழல் மட்டுமல்ல. ஒரு நாட்டுச் சட்டத்தின் நிழலும்தான்.

படம் பிறந்த கதையும் சுவையானது. பேட்ரிக் ஹாமில்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1938இல் இதை நாடகமாக எழுதினார். 1940இல் இங்கிலாந்திலேயே தோரோல்ட் டிக்கின்சன் இயக்கத்தில் முதலில் படமாக வந்தது. ஆன்டன் வால்புரூக்கும் டயானா வின்யார்டும் நடித்தார்கள். பிறகு உரிமையை வாங்கிய மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம், தன் படம் ஓட வேண்டும் என்பதற்காகப் பழைய படமே யார் கண்ணிலும் படாதபடி அழித்துவிடப் பார்த்தது. "அப்படி ஒரு படமே இல்லை" என்று ஆக்கப் பார்த்தார்கள்! கிரகரியின் வேலையைக் கம்பெனியே செய்த மாதிரி இல்லையா? நல்ல வேளை, பிரதி தப்பிவிட்டது. இன்று இரண்டு படங்களையும் பார்க்க முடிகிறது.

1944 படத்தை இயக்கியவர் ஜார்ஜ் குக்கோர். கிரகரியாக வந்தவர் பிரெஞ்சு நடிகர் சார்லஸ் போயர். காதல் நாயகனாகப் பேர் வாங்கியவர். தேன் வழியும் குரலில் நஞ்சைச் சொட்டவிட்டிருக்கிறார். பெர்க்மன் அவரைவிட உயரம் என்பதால் கட்டியணைக்கும் காட்சியில் அவரை ஒரு பெட்டிமேல் நிற்க வைத்து எடுத்தார்களாம். பெர்க்மனே சொன்ன செய்தி இது. வாயாடி நான்சியாக வந்த ஏஞ்சலா லேன்ஸ்பரிக்கு இதுதான் முதல் படம். கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண். படப்பிடிப்பின்போதுதான் பதினெட்டு வயது நிறைந்தது. முதல் படத்துக்கே ஆஸ்கார் போட்டியில் பெயர் வந்தது. 2022இல் தம் 96ஆவது வயதில் மறைந்தார்.

அதே 2022இல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதியார் 'கேஸ்லைட்டிங்' என்பதை அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவரின் கண்ணையும் காதையும் நினைவையும் அவரே நம்பாதபடி செய்வதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. ஒரு பழைய நாடகத்தின் தலைப்பு, பெண்கள் படும் ஒரு துன்பத்தின் பெயராகிவிட்டது. இங்கிலாந்தில் 2015இல் இயற்றிய சட்டம், குடும்பத்துக்குள் ஒருவரை இப்படி அடக்கி ஆட்டிவைப்பதையும் குற்றம் ஆக்கியது. நம் மலேசியாவில் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. உடம்பில் விழும் அடியோடு, மனத்தில் விழும் காயமும் பின்னர் வந்த திருத்தத்தால் அதில் சேர்ந்தது. உதவி கேட்க 15999 என்ற தாலியான் காசே தொலைபேசி எண்ணும் இருக்கிறது. குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம், அடுத்த வீட்டுக்குத் தேவைப்படலாம்.

அடுத்த வீடு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் லயத்தில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அக்காள் இருந்தார். இருட்டோடு பெரட்டுக்குப் போய், வெயிலேறப் பால் சுமந்து வரும் உழைப்பாளி. சம்பள நாள் மாலையில் என்னைக் கூப்பிடுவார். அரிசி டின்னுக்குள்ளிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து நீட்டுவார். "தம்பி, இதில் எத்தனை வெள்ளி இருக்கிறது, சத்தமாக எண்ணிச் சொல்லு" என்பார். நான் எண்ணுவேன். கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்புவார். அடுத்த வாரம் அதே பணம் குறைந்திருக்கும். "வைத்த பணத்தை எண்ணத் தெரியாதவள், இவளுக்கு மூளை கலங்கிவிட்டது" என்று அவர் வீட்டுக்காரர் லயம் முழுக்கக் கேட்கும்படி கத்துவார். நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம். பெரியவர்கள், "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அந்த அக்காளுக்கு எண்ணத் தெரியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆண்டுகள் பல கழித்து இந்தப் படத்தைப் பார்த்தபோது, கேமரன் நிமிர்ந்து விளக்கைப் பார்க்கும் அந்த இடத்தில், எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு எண்ணத் தெரியும். நன்றாகத் தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சாட்சி. லயத்தில் அத்தனை பேர் இருக்க, ஒரு சிறுவனைத்தான் அவர் தேடிப் பிடிக்க முடிந்தது. அந்தச் சிறுவன் ஒவ்வொரு முறையும் சரியாக எண்ணினான். ஆனால் அவர் வீட்டுக்காரர் கத்தியபோது வெளியே வந்து, "நான் எண்ணினேன், பணம் இருந்தது" என்று ஒரு நாளும் சொல்லவில்லை. பிஸ்கட்டைத் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வாசகச் சகோதரிகளே, நீங்கள் கண்டதை நீங்கள் கண்டதுதான். வைத்த பொருள் இடம் மாறினால், சொன்ன சொல் இல்லையென்று ஆனால், எல்லாவற்றுக்கும் உங்கள் புத்தியே காரணம் என்று ஒருவர் நாள்தோறும் ஓதினால், நம்பிக்கையான இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தாயோ, தங்கையோ, உடன் வேலை செய்யும் தோழியோ, யாராவது ஒருவர். வாசகச் சகோதரர்களே, உங்களிடம் அப்படி ஒருவர் வந்து காட்டினால், கண்டதைக் கண்டேன் என்று சொல்லுங்கள். வாய்க்குள் சொல்லாதீர்கள். கேட்க வேண்டியவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

படம் கிடைத்தால் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். விளக்கு மங்கும் காட்சியில் உங்கள் வீட்டில் யார் முகம் மாறுகிறது என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.